அறுந்த நரம்பும் மீண்ட குரலும்

மனிதன் பேசுங்கால் அவனுடைய குரல்வளையினுள்ளே இரண்டு தசை மடிப்புகள் நடுக்கோட்டிற்கு வந்து, ஒன்றையொன்று நெருங்கி அதிர்கின்றன. இவற்றைக் குரல் நாண்கள் என வழங்குகிறோம். மூச்சை உள்ளிழுக்கும்போது இவை விலகிக் காற்றுக்கு வழிவிடுகின்றன. உணவை விழுங்கும்போது இறுக மூடிக்கொண்டு, ஒரு துளி நீரும் மூச்சுக்குழலுள் புகாதவாறு காவல் நிற்கின்றன. பேச்சு, மூச்சு, ஊண் ஆகிய மூன்றுக்கும் பொதுவான இவ்வாயிலை இயக்குவது, பக்கத்திற்கு ஒன்றாக அமைந்த ஒரு மெல்லிய நரம்பாகும். அதன் பருமன் இரண்டு மில்லிமீட்டர் அளவினதே.

இந்நரம்பு கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை ஒட்டியே செல்கிறது. ஆகவே அச்சுரப்பியில் அறுவைச் சிகிச்சை செய்யும்போதெல்லாம் குரலுக்கு ஓர் ஆபத்து உடன் நிற்கிறது. நரம்பு அறுந்துபோனால், அதை மீண்டும் இணைத்துக் குரலைத் திரும்பப் பெற முடியுமா? இந்த வினாவுக்கு மருத்துவ உலகம் எவ்வாறு விடை கண்டது என்பதையும், கைக்கு எட்டிய விடையை ஏற்றுக்கொள்ள ஏன் பல ஆண்டுகள் பிடித்தன என்பதையும் இங்கே ஆராய்வோம்.

முதலில் அந்நரம்பின் வழியைச் சற்றுக் காண்போம். மூளையின் அடியிலிருந்து வேகஸ் என்னும் பெரிய நரம்பு கழுத்து வழியே மார்புக்குள் இறங்குகிறது. அதிலிருந்து பிரியும் ஒரு கிளை, இடப்பக்கத்தில், இதயத்திலிருந்து எழும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேல்நோக்கி ஏறுகிறது. வலப்பக்கத்தில் அது தோளுக்குச் செல்லும் தமனியைச் சுற்றித் திரும்புகிறது. இறங்கி, வளைந்து, மீண்டு வருவதனால் இதனை மீள் நரம்பு என்று அழைப்பது பொருந்தும். கருவில் இதயம் முதலில் கழுத்தருகே தோன்றிப் பின்னர் மார்புக்கு இறங்குகிறது. அதனோடு வந்த தமனி இந்நரம்பையும் கீழே இழுத்துச் சென்றுவிடுகிறது. நீண்ட கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கியிலும் இதே வளைவு உண்டு. அதன் நரம்பு தன் இடத்தை அடையப் பல மீட்டர் தொலைவு வீணே பயணம் செய்கிறது.

மேலே ஏறும் நரம்பு, மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில், தைராய்டு சுரப்பியின் பின்புறமாகச் சென்று குரல்வளையினுள் நுழைகிறது. சுரப்பிக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியொன்று அவ்விடத்திலேதான் நரம்பைக் குறுக்கிடுகிறது. சுரப்பியை எடுக்க வேண்டுமானால் அத்தமனியையோ அதன் கிளைகளையோ கட்டியாக வேண்டும். இரத்தம் பெருகும் குறுகலான இடத்தில் தமனி எது, நரம்பு எது என்று பிரித்தறிவதுதான் இந்த அறுவையின் பெருஞ்சோதனை.

இந்நரம்பின் தொழிலை முதன்முதலில் உலகறியக் காட்டியவர் காலன் என்னும் கிரேக்க மருத்துவர். இன்றைய துருக்கியிலுள்ள பெர்கமம் நகரில் பிறந்த இவர், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழுடன் விளங்கினார். அறிவும் பேச்சும் இதயத்திலிருந்து எழுகின்றன என்று அரிஸ்டாட்டிலின் வழிவந்தோர் அக்காலத்தில் நம்பினர். மூளையே அவற்றின் இருப்பிடம் என்பது காலனின் கொள்கை. பிளாவியஸ் போயித்தஸ் முதலிய பெருமக்கள் கூடிய சபைகளில் அவர் விலங்குகளைக் கொண்டு இதை மெய்ப்பித்துக் காட்டினார். உரக்கக் கத்திக்கொண்டிருந்த பன்றியின் மீள் நரம்புகளை நூலால் இறுக்கியவுடன் கத்தல் நின்றது. நூலைத் தளர்த்தியதும் குரல் திரும்பிற்று. அவையோர் தம் செவியாலேயே சான்று கேட்டனர்.

காலன் விட்டுச் சென்ற குறிப்புகளுள் இரண்டு சிறுவர்களைப் பற்றிய செய்தி நம் கவனத்திற்குரியது. இருவருக்கும் கழுத்தில் கண்டமாலைக் கட்டிகள் இருந்தன. ஒருவனுடைய கட்டியை, கத்தியால் கீறியபின் நகங்களாலேயே பிடுங்கி எடுத்தான் ஒரு வைத்தியன். அச்சிறுவன் நோய் நீங்கினான், ஆனால் ஊமையானான். மற்றவன் பாதிக் குரலை இழந்தான். ஒருபக்க நரம்பு மட்டும் கெட்டதே இதற்குக் காரணம் என்று காலன் சரியாகவே உணர்ந்தார். கழுத்து அறுவையால் குரல் கெட்டவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்றாகும்.

1543-ஆம் ஆண்டில் வெளியான தம் பெருநூலில் வெசாலியஸ் மீள் நரம்பின் வழியை மனித உடலில் ஆராய்ந்து எழுதினார். ஆயினும் அறிவு வளர்ந்த அளவுக்குச் சிகிச்சை வளரவில்லை. கழுத்தைத் திறந்தால் நோயாளி இரத்தப் பெருக்காலோ சீழ் நோயாலோ இறப்பது வழக்கமாக இருந்த காலத்தில், குரல் போவதைப் பற்றிக் கவலைப்பட எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

இந்நிலை மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைந்த மலைநாடுகளில் தைராய்டு வீங்கிக் கழுத்துக் கழலையாகத் தொங்குவது மிகுதி. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைநாடும், நம் தேசத்தில் இமயமலைச் சாரலும் இதற்குப் பெயர்போனவை. காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் தொடங்கிய அயோடின் உப்புச் சோதனையும், 1962-இல் இந்திய அரசு மேற்கொண்ட கழலைத் தடுப்புத் திட்டமும் இந்நோயைத் தணிப்பதற்காக எழுந்தவையே. ஆனால் 1860-களில் இத்தகைய வழி பரவலாக வழக்கில் இல்லை. மூச்சுக்குழலை நெரிக்கும் பெருங்கழலையுடன் வந்தவர்களுக்குக் கத்தியே கதி. ஜூரிச் நகரில் தியோடர் பில்ராத் செய்த தொடக்ககால அறுவைகளில் பத்தில் நால்வர் அளவுக்கு இறந்தமையால், அவரே சில காலம் அதைக் கைவிட்டார்.

மயக்க மருந்தும், லிஸ்டர் 1867-இல் எடுத்துரைத்த கிருமி நீக்க முறையும், இரத்தக் குழாய்களைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கிகளும் வந்தபின் காட்சி மாறிற்று. ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோகர், ஒவ்வொரு குழாயையும் பொறுமையுடன் கட்டி, இரத்தம் சிந்தாத களத்தில் வேலை செய்யும் முறையை வகுத்தார். அவருடைய வாழ்நாளில் இவ்வறுவைகள் ஐயாயிரத்தைத் தாண்டின. இறப்போ நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. 1909-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். நோயாளிகள் பிழைத்தெழத் தொடங்கிய பின்னரே, எழுந்தவர்களில் சிலருடைய குரல் திரும்பவில்லை என்பது ஒரு குறையாகக் கண்ணில் பட்டது.

அக்குறையைக் கண்ணால் காண்பதற்கும் அதே காலத்தில் ஒரு கருவி கிடைத்தது. லண்டனில் இசை கற்பித்து வந்த ஸ்பானிய ஆசிரியர் மானுவல் கார்சியா, 1854-இல் ஒரு சிறு பல் வைத்தியக் கண்ணாடியைத் தொண்டையில் வைத்து, கைக்கண்ணாடியால் சூரிய ஒளியைச் செலுத்தித் தம்முடைய குரல் நாண்கள் அசைவதைத் தாமே பார்த்தார். அடுத்த ஆண்டு அச்செய்தி லண்டன் ராயல் சங்கத்தில் படிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் டுர்க், செர்மாக் என்னும் மருத்துவர்கள் அதை நோயறியும் கருவியாக்கினர். அதுமுதல், நரம்பு கெட்ட பக்கத்தில் நாண் அசைவற்று நிற்பதை மருத்துவர்கள் நேரில் காணலாயினர்.

ஒரு பக்கம் செயலிழந்தால், இரு நாண்களும் சேர முடியாமல் இடைவெளி விழுகிறது. காற்று வீணே கசிகிறது. குரல் கரகரத்து, மூச்சு கலந்து ஒலிக்கிறது. தண்ணீர் குடிக்கையில் புரையேறுகிறது. இரு பக்கமும் செயலிழந்தால் நிலை வேறு. நாண்கள் பெரும்பாலும் நடுக்கோட்டருகே நின்றுவிடுவதால் குரல் ஓரளவு இருக்கலாம். மூச்சுக்குத்தான் வழி இராது. அப்போது கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து உயிரைக் காக்க வேண்டியதாகிறது.

வருமுன் காப்பதில் அறுவை மருத்துவரிடையே நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. நரம்பைத் தேடிப் போனாலே அதற்குத் தீங்கு நேரும். அது இருக்கும் பக்கமே போகலாகாது என்பது ஒரு சாரார் கொள்கை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பிராங்க் லேஹி இதை மறுத்தார். ஒவ்வோர் அறுவையிலும் நரம்பைத் தேடிக் கண்டு, பார்வையில் வைத்துக்கொண்டே சுரப்பியை எடுப்பதுதான் பாதுகாப்பு என்பதை ஆயிரக்கணக்கான அறுவைகளின் அனுபவத்தைக் கொண்டு அவர் 1938-இல் எடுத்துரைத்தார். இன்று உலகெங்கும் அம்முறையே பின்பற்றப்படுகிறது.

ஆயினும் தீங்கு முற்றிலும் ஒழியவில்லை. கை தவறி நரம்பு அறுபடுவது ஒரு வகை. புற்று நரம்பைச் சூழ்ந்துகொண்டால் அதையும் சேர்த்து வெட்டியெடுக்க நேர்வது மற்றொரு வகை. இவர்களுக்கு என்ன செய்வது?

அமெரிக்காவின் ரிச்மண்டு நகர அறுவை மருத்துவர் ஷெல்டன் ஹார்ஸ்லி, மீள் நரம்பைத் தைத்து இணைத்த ஒருவருடைய வரலாற்றை 1910-இல் வெளியிட்டார். பிலடெல்பியாவின் சார்லஸ் பிரேசியர் 1924-இல் வேறொரு வழி கூறினார். கழுத்தின் முன்புறத்தில் மெல்லிய பட்டைத் தசைகள் சில உள்ளன; அவற்றுக்குக் கிளைவிடும் நரம்பு குரல்வளைக்கு அருகிலேயே செல்கிறது. அதனை வெட்டி, செயலிழந்த மீள் நரம்பின் நுனியோடு பொருத்தினார் அவர். லண்டனில் சர் சார்லஸ் பாலன்ஸும் லயனல் காலெட்ஜும் உதரவிதானத்தை இயக்கும் நரம்பைக் குரல்வளைக்குத் திருப்பும் சோதனைகளை 1920-களில் நடத்தினர். நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். ஆகவே பல மாதங்கள் காத்திருந்து, கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோரிடம் நாண் அசையவில்லை. முயற்சி தோற்றது என்பதே பொதுவான முடிவாயிற்று.

ஏன் அசையவில்லை? 1952-இல் சண்டர்லாந்து, ஸ்வேனி என்னும் இருவர் மனித மீள் நரம்பின் உள்ளமைப்பை நுணுகி ஆராய்ந்து இதற்குரிய காரணத்தைத் தெளிவாக்கினர். நாண்களை விலக்கும் தசைக்கான இழைகளும், சேர்க்கும் தசைகளுக்கான இழைகளும் அந்நரம்பில் தனித்தனிக் கட்டுகளாக இல்லை. ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. நூற்றுக்கணக்கான கம்பிகள் கொண்ட தொலைபேசி வடம் அறுந்தபின், எந்தக் கம்பி எதனோடு சேர வேண்டும் என்று பாராமல் இணைத்தால் என்ன நேரும்? அதுவே இங்கும் நேர்கிறது. திறக்க வேண்டிய இழை மூடும் தசைக்குச் செல்கிறது. மூட வேண்டியது திறக்கும் தசைக்குச் செல்கிறது. ஒரு வண்டியின் இரு முனைகளிலும் இரு காளைகளைப் பூட்டி எதிரெதிரே இழுக்கச் செய்தாற்போல், இரு தசைகளும் ஒரே வேளையில் இழுக்கின்றன. நாண் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இந்த விளக்கம் உண்மையே. ஆனால் அதிலிருந்து பெற்ற முடிவு தவறாயிற்று. அசைவு திரும்பாதாகையால் நரம்பைத் தைப்பதே வீண் என்று பலர் கருதினர். அறுபட்ட நரம்பின் இரு முனைகளும் கண்முன்னே இருந்தும், அவற்றை இணைக்காமலே கழுத்தை மூடிவிடுவது பல இடங்களில் வழக்கமாயிற்று. அந்நோயாளிகள் எஞ்சிய வாழ்நாளைக் கம்மிய குரலோடு கழித்தனர்.

அவர்களுக்காக வேறு உபாயங்கள் தோன்றின. ஜெர்மானிய மருத்துவர் புரூனிங்ஸ் 1911-இல் செயலிழந்த நாணில் பாரபின் மெழுகைச் செலுத்தி அதைப் பருக்கச் செய்தார். மெழுகு தன் இடத்தில் நில்லாமல் தொல்லை தந்தது. 1962-இல் ஆர்னால்டு டெப்லான் குழம்பைப் பயன்படுத்தினார். பின்னர் அதுவும் திசுக்களில் கட்டிகளை விளைவிப்பது கண்டு விலக்கப்பட்டது. ஜப்பானிய அறிஞர் இஷிகி 1974-இல் குரல்வளைக் குருத்தெலும்பில் ஒரு சாளரம் திறந்து, செயலற்ற நாணை நடுக்கோட்டுக்குத் தள்ளி வைக்கும் முறையை வெளியிட்டார். இது சிறந்த முறை. குரல் உடனே தெளிகிறது. இன்றும் பெரிதும் கையாளப்படுகிறது. எனினும், ஆப்பு வைத்து நிறுத்திய நாணில் நரம்பின் தொடர்பு இல்லை. அத்தசை நாளடைவில் மெலிவதை ஆப்பு தடுக்க இயலாது.

இதற்கிடையே ஒரு செய்தி கவனிப்பாரற்றுக் கிடந்தது. நரம்பு இணைக்கப்பட்ட நோயாளிகள் சிலரிடம், நாண் அசையாவிட்டாலும், பேச்சு நன்றாகவே இருந்தது. கலிபோர்னியாவில் ரோஜர் கிரம்லி 1980-களில் இதனை முறையாக ஆராய்ந்தார். அறுபது ஆண்டுகளுக்கு முன் பிரேசியர் கையாண்ட அதே கழுத்துத் தசை நரம்பை எடுத்து மீள் நரம்போடு இணைத்து, நோயாளிகளின் குரலைப் பதிவுசெய்து ஆய்ந்தார். குரல் தெளிவடைந்தது. காரணமும் விளங்கிற்று. நரம்பின் தொடர்பு கிடைத்ததும், மெலிந்த தசை மீண்டும் பருமனும் முறுக்கும் பெறுகிறது. நாண் நடுக்கோட்டருகே திடமாக நிற்கிறது. நலமுள்ள எதிர்ப்பக்க நாண் வந்து அதனோடு சேர்ந்து அதிர்கிறது. நல்ல குரலுக்கு இருபுறமும் அசைய வேண்டுமென்பதில்லை. ஒருபுறம் உறுதியாக நின்று, மறுபுறம் வந்து சேர்ந்தாலே போதும். நரம்பை இழந்த பட்டைத் தசைகளால் நோயாளிக்குக் குறிப்பிடத்தக்க குறை எதுவும் ஏற்படுவதில்லை.

இம்முறையைத் தைராய்டு அறுவையோடு ஒன்றாக இணைத்ததில் ஜப்பானுக்குப் பெரும் பங்குண்டு. கோபே நகரின் குமா மருத்துவமனையைச் சேர்ந்த அகிரா மியாவுச்சியும் அவர்தம் குழுவினரும், புற்றின் காரணமாக நரம்பை வெட்ட நேர்ந்தவர்களுக்கு, அதே அறுவையின்போதே நரம்பை இணைத்துவிடலாயினர். முனைகள் எட்டினால் நேரே தைப்பது, எட்டாவிடில் வேறு நரம்பின் துண்டை இடையில் வைப்பது, அல்லது கழுத்துத் தசை நரம்பைக் கொண்டுவந்து பொருத்துவது என்று இடத்திற்கேற்ப வழியைத் தேர்ந்தனர். மயிரினும் மெல்லிய நூல்கொண்டு சில தையல்களே போடப்படுகின்றன. 88 நோயாளிகளின் வரலாற்றை அவர்கள் 2009-இல் வெளியிட்டனர்.

அவர்கள் கையாண்ட அளவுகோல் மிக எளியது. நன்றாக மூச்சிழுத்து, ஒரே மூச்சில் 'ஆ' என்று எத்தனை விநாடி ஒலிக்க முடிகிறது என்று பார்ப்பது. நலமுள்ளவர் பதினைந்து, இருபது விநாடிகள் நிறுத்தக்கூடும். ஒரு நாண் செயலிழந்தவருக்குச் சில விநாடிகளிலேயே காற்று தீர்ந்துவிடும். நரம்பு இணைக்கப்பட்டவர்களின் அளவு நலமுள்ளவர்களை நெருங்கி நின்றது. எந்த முறையில் இணைத்தனர் என்பதனால் பெரிய வேறுபாடும் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் அவர்களுடைய நாண் அசையாமலேதான் இருந்தது. கார்சியாவின் கண்ணாடி, நோயைக் காட்டுவதில் உண்மை சொல்லிற்று. குணத்தை அளப்பதில் அதை மட்டும் நம்பியது பிழையாயிற்று. காலனின் அவையோரைப் போலச் செவிகொடுத்துக் கேட்டபோதுதான் வெற்றி புலப்பட்டது.

எனினும் மிகைப்படக் கூறுதல் தகாது. இணைத்த நரம்பு தசையை அடைய மாதங்கள் ஆகின்றன. அதுவரை குரல் கம்மியே இருக்கும். நாளடைவில் கரையும் பசைப்பொருளை நாணில் செலுத்தி, இடைக்காலத்தைக் கடத்துவதுண்டு. வயதும் ஒரு காரணியாகும். நரம்பு இணைப்பையும் நாணைத் தள்ளி வைக்கும் முறையையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2011-இல் வெளியாயிற்று. அதில் 24 பேரே பங்கு பெற்றனர். ஆயினும் 52 வயதுக்குக் குறைந்தவர்களிடம் நரம்பு இணைப்பும், அதற்கு மேற்பட்டவர்களிடம் நாணைத் தள்ளி வைப்பதும் மேலான பலன் தந்ததாக அது காட்டிற்று. நரம்பு கெட்டுப் பல ஆண்டுகள் கழிந்தபின் இணைப்பதால் விளையும் நன்மை குறைவு.

இருபக்கமும் செயலிழந்தவர்களின் துன்பம் இன்னும் முற்றிலும் தீராத ஒன்று. அவர்களுக்கு வேண்டியது முறுக்கன்று, மூச்சுக்கு வழி. நாண்கள் உரிய வேளையில் உண்மையாகவே விலக வேண்டும். பிரான்சின் ரூவான் நகரில் ழான்-போல் மாரி, மூச்சிழுக்கும்போது தானே தூண்டப்படும் உதரவிதான நரம்பின் ஒரு வேரை, கவைபோல் கிளைத்த நரம்புத் துண்டின் வழியே நாண்களை விலக்கும் இரு தசைகளுக்கும் கொண்டுசென்றார். பாலன்ஸ் கண்ட கனவின் வழியில் வந்த முயற்சி இது. சிலருக்கு நாண்கள் விலகி மூச்சு எளிதாயிற்று. மிக நுண்ணிய வேலையாதலின், உலகில் சில இடங்களிலேயே இது நடைபெறுகிறது.

நரம்பைக் காக்கும் கலையும் உடன் வளர்ந்துள்ளது. 1966-இல் ஷெட், டர்ஹம் என்னும் இருவர் மெல்லிய மின்தூண்டலால் நரம்பை இனங்காணும் வழியைக் கூறினர். இன்று மூச்சுக்குழலில் வைக்கும் குழாயிலேயே மின்முனைகள் பொருத்தப்பட்டு, நரம்பைத் தொட்டவுடன் ஒலி எழுப்பி அறிவிக்கின்றன. தேர்ந்த கைகளில் நிலையான குரல் இழப்பு இப்போது நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவிலோ அதற்குக் கீழோதான் நேர்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டியவை சில உண்டு. தைராய்டு அறுவைக்குப் பின் குரல் கம்மினால் அஞ்ச வேண்டுவதில்லை. நரம்பு அறுபடாமல் நைந்து மட்டும் இருந்தால், சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே தேறுவது பெரும்பான்மை. ஆனால் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின்னும் குரல் தெளியாவிடில், குரல்வளையைச் சோதித்துக்கொள்ளாமல் இருக்கலாகாது. அறுவைக்கு முன்பும் குரல் நாண்களைப் பார்த்துக் குறித்து வைப்பது நன்று. புற்றுக்காக அறுவை செய்துகொள்பவர், நரம்பை வெட்ட நேர்ந்தால் உடனே இணைக்க இயலுமா என்று மருத்துவரை முன்கூட்டியே கேட்பது முறையான கேள்வியே. ஏனெனில் அறுந்த நரம்பை இணைப்பதற்கு மிக நல்ல வேளை, அது அறுந்த அந்த வேளையே. பாதிக் குரலோடு வாழ்ந்த அச்சிறுவனுக்குக் காலன் காரணம் மட்டுமே கூற முடிந்தது. அவனைப் போன்றவர்க்கு இன்று நம் மருத்துவர்கள் சில தையல்களால் குரலைத் திரும்பத் தர முடிகிறது.